பதினொன்றுக்குப் பத்து

2011 ஏப்ரல் 28, வியாழக்கிழமை. டெல்லியில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கூடியபோது அதன் ஓராண்டுப் பதவிக்காலம் முடிய இரண்டே நாள் பாக்கி. உறுப்பினர்கள் முன் ஏறத்தாழ 270 பக்க வரைவு அறிக்கை ஒன்று இருந்தது. 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அரசுக் கஜானாவுக்கு என்ன நேர்ந்தது, அதற்கு யார் யார் பொறுப்பு என்பதே அதன் பொருள். தலைவர் நாற்காலியில் பாஜகவின் முரளி மனோகர் ஜோஷி. அவரையும் சேர்த்து அன்று குழுவின் பலம் 21. காங்கிரசுக்கு 7 பேர், திமுகவுக்கு 2 பேர். இந்த ஒன்பது பேரும் வரைவை எதிர்ப்பார்கள் என்பது முன்பே தெரிந்த விஷயம். தெரியாமல் இருந்தது உத்தரப் பிரதேசத்தின் இரண்டு வாக்குகள்தான். சமாஜ்வாதிக்கு ஒன்று, பகுஜன் சமாஜுக்கு ஒன்று. சொந்த மாநிலத்தில் பரம விரோதிகளாக நின்ற அந்த இரண்டு கட்சிகளும் அன்று காங்கிரஸ் பக்கம் சேர்ந்தன. கணக்கு 11-க்கு 10 ஆனது.

வாக்கெடுப்பு நடத்துங்கள் என்றது பெரும்பான்மைத் தரப்பு. கூச்சலுக்கு நடுவே ஜோஷி கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வெளியேறினார். எதிர்க்கட்சி உறுப்பினர்களும் அவர் பின்னாலேயே எழுந்து போனார்கள். உள்ளே மிஞ்சியவர்கள் கலையவில்லை. காங்கிரசின் சைபுதீன் சோஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, அவர் தலைமையில் வரைவை வாக்குக்கு விட்டு நிராகரித்தார்கள். குழுவின் நடவடிக்கைகள் ரகசியமானவை, அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை வெளியே பேசக் கூடாது என்பது விதி. அன்று மாலைக்குள் இரு தரப்பும் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் நின்று உள்ளே நடந்தது முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்கள். வரைவின் சாரம் அதற்கு முன்பே செய்திகளில் கசிந்திருந்தது.

அந்த அறைக்குள் இருந்த திமுக உறுப்பினர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 13-ல் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து, இயந்திரங்கள் முத்திரையிடப்பட்டுக் காவலில் இருந்தன. எண்ணிக்கை மே 13-ல். தொலைத்தொடர்புத் துறை அமைச்சராக இருந்த திமுகவின் ஆ.ராசா பிப்ரவரி 2-ல் கைதாகியிருந்தார். ஏப்ரல் 25-ல் சிபிஐ தாக்கல் செய்த துணைக் குற்றப்பத்திரிகையில் கட்சியின் எம்.பி. கனிமொழியின் பெயர் சேர்ந்தது. அதற்கு மூன்றாம் நாள் இந்தக் கூட்டம். கட்சியின் முன்னாள் அமைச்சர் சிறையில் இருக்கும்போது, அவர் துறை பற்றிய தணிக்கை அறிக்கையை அந்தக் கட்சியின் எம்.பி.க்கள் பற்றற்ற மனதோடு படிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எதிர்வரிசையில் இருந்தவர்களுக்கும் அதே அறிக்கை அடுத்த பொதுத்தேர்தலுக்கான ஆயுதம். இப்படிப்பட்ட இருபது முப்பது பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, அரசின் கணக்கை நிதானமாகப் பார்க்கச் செய்வதற்காகத்தான் இந்தக் குழுவே உருவானது. அன்று அது உடைந்த விதத்தைப் புரிந்துகொள்ள, அது எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

மேசையும் மரபும்

பொதுக் கணக்குக் குழு 1921-ல், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் தொடர்ச்சியாகப் பிறந்தது. அப்போது அதன் தலைவர் அரசின் நிதி உறுப்பினரே. செலவு செய்தவரே செலவைச் சரிபார்த்த காலம் அது. 1950-ல் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தபின் குழு சபாநாயகரின் கீழ் வந்தது, அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது என்றானது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். விகிதாசார முறையில் தேர்தல் என்பதால் அவையில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலமோ குழுவிலும் ஏறக்குறைய அவ்வளவு பலம். அதாவது, பெரும்பாலும் ஆளும் தரப்புக்கே பெரும்பான்மை. அதை ஈடுசெய்ய 1967-ல் ஒரு நல்ல மரபு உருவாயிற்று. தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு. அப்படி வந்த முதல் குழுத் தலைவர் சுதந்திராக் கட்சியின் மினு மசானி. அவருக்கு அடுத்து வாஜ்பாய். 1971 முதல் இரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர் நம்முடைய இரா. செழியன். புள்ளிவிவரத்தையும் விதிப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, குரல் உயர்த்தாமல் ஓர் அமைச்சகத்தையே பதில் சொல்ல வைக்கும் நாடாளுமன்றவாதி என்று பெயரெடுத்தவர் அவர்.

குழுவின் அன்றாட வேலை செய்தியில் வருவதில்லை. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையை, அரசியல் சாசனத்தின் 151-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அவைகளில் வைக்கச் செய்கிறார். அது தானாகவே பொதுக் கணக்குக் குழுவுக்கு வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் வரும் தணிக்கைப் பத்திகளில் சிலவற்றைத்தான் குழு ஆழமாக எடுத்துக்கொள்ள முடியும். எடுத்துக்கொண்டால் அந்தத் துறையின் செயலரை அழைக்கும். செயலர் தன் அதிகாரிகள் படையோடு வந்து உட்காருவார். குழுத் தலைவரின் அருகே தணிக்கைத் துறைத் தலைவர். கேள்விகள் எம்.பி.க்களுடையவை, அவற்றுக்கான கோப்பு ஆதாரம் தணிக்கைத் துறையுடையது. 'இந்தப் பணத்தை எந்த விதியின்கீழ் கொடுத்தீர்கள்? ஒப்பந்தப்புள்ளி ஏன் கோரவில்லை? நிதித்துறை ஆட்சேபித்த குறிப்பு கோப்பில் இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?' இப்படியே போகும். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் ஒரு துறை செலவழித்திருந்தால், அதை முறைப்படுத்தலாமா என்று சொல்வதும் இந்தக் குழுதான். பரிந்துரை போனபின் அரசு என்ன செய்தது என்று மறுபடி கேட்டு, அதற்கும் தனி அறிக்கை எழுதுவார்கள். ஆர்ப்பாட்டமில்லாத வேலை. நாட்டின் பணத்துக்கு இதைவிட நெருக்கமான காவல் வேறு இல்லை.

அமைச்சரை இந்தக் குழு சாட்சியாக அழைப்பதில்லை. கொள்கை எது என்பது அவையில் பேச வேண்டிய விஷயம், அதை நிறைவேற்றிய விதமே இங்கு விசாரிக்கப்படும் என்பது இதன் அடிப்படை. அதனால்தான் பல பத்தாண்டுகளாக அறிக்கைகள் ஒருமனதாகவே வந்தன. கட்சிச் சட்டையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. அந்த மரபின் பெருமையை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் அறிக்கை என்ற பழக்கத்தில், ஒத்துக்கொள்ளாதவருக்கு என்ன வழி என்று யாரும் யோசிக்கவில்லை. மசோதாக்களை ஆராயும் குழுக்களில் மாறுபடும் உறுப்பினர் தன் எதிர்ப்புக் குறிப்பை அறிக்கையோடு இணைக்கலாம். பொதுக் கணக்குக் குழுவில் அந்த வழி அடைபட்டது. ஒன்று, ஏற்க வேண்டும். இல்லையேல், தடுக்க வேண்டும். 2011 ஏப்ரலில் வெடித்தது இந்த அடைப்புதான்.

எண்ணைச் சுற்றி நடந்த சண்டை

தணிக்கைத் துறைத் தலைவர் வினோத் ராயின் 2ஜி அறிக்கை 2010 நவம்பர் 16-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ராசா அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே பதவி விலகியிருந்தார். அறிக்கை பல வழிகளில் உத்தேச இழப்பைக் கணக்கிட்டது. குறைந்தபட்சம் 57,666 கோடி ரூபாய், அதிகபட்சம் 1,76,645 கோடி ரூபாய். நாடு பிடித்துக்கொண்டது பெரிய எண்ணை மட்டும். தெருமுனைக் கூட்டம் வரை அது போனது. அது 2010-ல் நடந்த 3ஜி ஏலத்தின் விலையை 2008-ன் 2ஜி உரிமங்களுக்குப் பொருத்திப் பார்த்த கணக்கு என்பது தலைப்புச் செய்திகளில் இடம்பெறவில்லை.

அறிக்கையில் அந்த எண்ணைவிடக் கனமான பக்கங்கள் இருந்தன. உரிமத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2007 அக்டோபர் 1 என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் 575 விண்ணப்பங்கள் வந்தன. பிறகு செப்டம்பர் 25 வரை வந்தவையே பரிசீலிக்கப்படும் என்று பின்தேதியிட்டு வெட்டினார்கள். எஞ்சியவை 232. 2008 ஜனவரி 10 மதியம் தொலைத்தொடர்புத் துறை ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. விண்ணப்பித்தவர்கள் அன்றே பிற்பகல் மூன்றரை மணிக்கும் நாலரை மணிக்கும் இடையே துறையின் தலைமையகமான சஞ்சார் பவனுக்கு வந்து பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர, பல கோடி ரூபாய்க்கு வரைவோலை எடுத்து அந்த ஒரு மணி நேரத்தில் வரிசையில் நிற்க யாரால் முடியும்? நாடு முழுவதற்குமான உரிமத்தின் விலை 1,658 கோடி ரூபாய், 2001-ல் நிர்ணயித்தது. 2001-ல் முடிவான விலையை 2007-ல் எப்படிப் பொருத்துகிறீர்கள் என்று அன்றைய நிதிச் செயலர் டி. சுப்பாராவ் 2007 நவம்பரில் எழுதியே கேட்டிருந்தார். வழங்கப்பட்ட 122 உரிமங்களில் 85, தகுதி நிபந்தனைகளை நிறைவேற்றாத நிறுவனங்களுக்குப் போனதாகத் தணிக்கை சொன்னது.

பொதுக் கணக்குக் குழு கையில் எடுக்க இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைக்காது. தேதி, கோப்பு, குறிப்பு, கையெழுத்து என்று எல்லாம் நிறைவேற்றிய விதம் பற்றியவை. ஜோஷியின் குழுவும் முனைப்பாகவே தொடங்கியது. 2011 ஏப்ரல் தொடக்கத்தில் தொழிலதிபர்கள் ரத்தன் டாடா, அனில் அம்பானி, பெருநிறுவனத் தரகர் நீரா ராடியா ஆகியோரைக்கூட அழைத்து விசாரித்தது.

இதற்கிடையே வெளியே ஓர் அரசியல் சுழல். நாடாளுமன்றக் கூட்டுக் குழு வேண்டும் என்று கேட்டு, 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் முழுவதையும் எதிர்க்கட்சிகள் முடக்கின. கூட்டுக் குழு எதற்கு, பொதுக் கணக்குக் குழு இருக்கிறதே, அதன் முன் வரவும் தயார் என்றார் பிரதமர் மன்மோகன் சிங். பொதுக் கணக்குக் குழுவின் வரம்பு குறுகியது, போதாது என்றது பாஜக. 2011 பிப்ரவரியில் அரசு இறங்கிவந்து பி.சி. சாக்கோ தலைமையில் 30 பேர் கூட்டுக் குழுவுக்கு ஒப்புக்கொண்டது. ஏப்ரல் வந்ததும் இரு தரப்பும் இடம் மாறிக்கொண்டன. கூட்டுக் குழுதான் விசாரிக்கிறதே, நீதிமன்றத்திலும் வழக்கு இருக்கிறதே, பொதுக் கணக்குக் குழு நிறுத்திக்கொள்ளட்டும் என்றார்கள் காங்கிரஸ் உறுப்பினர்கள். பொதுக் கணக்குக் குழுவின் உரிமையில் கைவைக்காதீர்கள் என்றார்கள் பாஜகவினர். ஐந்து மாதத்துக்குள் இரண்டு பெரிய கட்சிகளும் தத்தம் வாதத்தைத் தலைகீழாக்கின. அரசின் உயரதிகாரிகள் அழைக்கப்பட்டிருந்த ஏப்ரல் நடுப்பகுதி அமர்வுகளே அமளியில் சிக்கின.

ஏப்ரல் 28 வரைவில் தணிக்கைப் பத்திகளைத் தாண்டிய விஷயங்களும் இருந்தன. பிரதமர் அலுவலகம் இந்த விவகாரத்திலிருந்து விலகி நிற்கவே விரும்பியது என்று கோப்புக் குறிப்புகளைக் காட்டி அது குறை சொன்னது. அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தையும் அது விட்டுவைக்கவில்லை. இதை எழுதியது யார், உறுப்பினர்கள் விவாதித்து எட்டிய முடிவா, தலைவர் மட்டும் எட்டிய முடிவா என்பது ஆளும் தரப்பின் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பல நூறு பக்க வரைவைக் கையில் கொடுத்து, பதவிக்காலத்தின் கடைசி நாட்களில் ஏற்கச் சொன்னால் யாரும் முறுக்கிக்கொள்வார்கள். தணிக்கைத் துறையில் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற ஆர்.பி. சிங், துறை அதிகாரிகள் விடுமுறை நாளில் ஜோஷியின் வீட்டுக்குப் போய் அறிக்கைக்கு உதவினார்கள் என்று 2012-ல் குற்றம்சாட்டினார். ஜோஷி மறுத்தார். குழுவுக்குத் தணிக்கைத் துறை உதவுவது வழக்கமான ஏற்பாடுதான். ஆனாலும் கூட்டுக் குழுவை முந்த வேண்டும் என்ற அவசரம் ஜோஷியின் நல்ல வேலையைக் கெடுத்தது என்றே நினைக்கிறேன்.

அதற்காக ஆளும் தரப்பு செய்தது சரியாகிவிடாது. வரைவில் ஒரு பத்தி தவறென்றால் அந்தப் பத்தியை வெட்டச் சொல்லி வாதாடியிருக்கலாம். பிரதமர் பற்றிய பகுதியை மட்டும் வாக்குக்கு விடச் சொல்லியிருக்கலாம். சஞ்சார் பவன் வரிசைக்கும் பின்தேதியிட்ட வெட்டுக்கும் பிரதமரின் பெயர் தேவையே இல்லை. அவை தனியே நிற்கக்கூடிய உண்மைகள். அவற்றையும் சேர்த்து முழு அறிக்கையையும் ஒரே வாக்கில் வீழ்த்தியது, கணக்குக் கேட்கும் வேலையையே வீழ்த்தியதாகும்.

கூட்டம் செல்லுமா என்பது அடுத்த தகராறு. மக்களவை விதி 258-ன்படி, தலைவர் அமர்வுக்கு வராவிட்டால் உறுப்பினர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கூட்டத்தை நடத்தலாம். விதி 261-ன்படி, எந்தக் கேள்வியும் வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால் முடிவாகும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டது காங்கிரஸ் தரப்பு. தலைவர் வந்து அமர்ந்து, கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுப் போனபின் அமர்வு ஏது, தலைவர் தேர்தல் ஏது என்றது ஜோஷி தரப்பு. ஒத்திவைக்கும் அதிகாரம் தலைவருடையது என்பதால் ஜோஷியின் வாதமே வலுவானது என்பது என் கருத்து. ஆனால் பெரும்பான்மை கேட்ட வாக்கெடுப்பை மறுத்துவிட்டு ஒத்திவைத்தது, அந்த அதிகாரத்தை அதன் விளிம்புவரை இழுத்த செயல்.

ஏப்ரல் 30-ல் ஜோஷி தன் அறிக்கையைச் சபாநாயகர் மீரா குமாரிடம் கொடுத்தார். குழு ஏற்காத அறிக்கை என்பதால் ஜூன் மாதம் அது அவரிடமே திரும்பி வந்தது. அடுத்த ஆண்டுக்கும் ஜோஷியே தலைவரானார். அந்த வரைவு மட்டும் கடைசிவரை குழுவின் அறிக்கையாக ஆகவில்லை.

காணாமல் போன பக்கங்கள்

பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த 2ஜி மறு ஏலத்தில் சுமார் 9,400 கோடி ரூபாய் மட்டுமே வந்தபோது, தணிக்கைத் துறையின் எண் பொய்த்தது என்று அமைச்சர்கள் மகிழ்ந்தார்கள். 2013 செப்டம்பரில் சாக்கோ குழு தன் அறிக்கையை 16-க்கு 11 என்ற வாக்கில் நிறைவேற்றியது. பிரதமர் தவறாக வழிநடத்தப்பட்டார் என்று ராசா மேல் பழி போட்டது அது. நேரில் வந்து சாட்சி சொல்கிறேன் என்று ராசா கேட்டும் அவரை அழைக்கவில்லை. அதற்குள் கூட்டணியிலிருந்து விலகியிருந்த திமுக, பாஜக, அதிமுக, இடதுசாரிகளோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது. 2017 டிசம்பர் 21-ல் சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஓ.பி. சைனி, குற்றத்தை நிரூபிக்கவில்லை என்று ராசா, கனிமொழி உள்ளிட்ட எல்லோரையும் விடுவித்தார். சிபிஐயின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024-ல் விசாரணைக்கு ஏற்றது.

இத்தனைக்கும் பிறகு ஒரு சாதாரணக் கேள்விக்கு இன்றும் அதிகாரபூர்வமான பதில் கிடையாது. அந்த ஒதுக்கீட்டில் மக்கள் பணம் எவ்வளவு போனது? குற்ற வழக்கு அதைச் சொல்லாது. லஞ்சம் கைமாறியது நிரூபணமானதா என்பதே அதன் வேலை. ஒரு பைசா லஞ்சம் வாங்காமலே ஓர் அமைச்சகம் பொதுச் சொத்தை அடிமாட்டு விலைக்கு விட முடியும். அதைப் பார்த்துச் சொல்ல நாட்டில் இருக்கும் ஒரே சபை பொதுக் கணக்குக் குழு. 3ஜி விலையைப் பொருத்தியது சரியா, 2001 விலையில் கொடுத்ததால் செல்பேசிக் கட்டணம் குறைந்தது என்ற அரசின் வாதம் எந்த அளவுக்கு நிற்கும், கொள்கையைத் தணிக்கை எதுவரை கேள்வி கேட்கலாம் என்று கோப்புகளை விரித்து, இரு தரப்பும் எழுதி, கையெழுத்திட்டு அச்சிட்டிருக்க வேண்டும். பொதுப் பணம் பயனுள்ள வகையில் செலவானதா என்று ஆராயும் உரிமை தணிக்கைத் துறைக்கு உண்டு, அது வெறும் கணக்குப்பிள்ளை வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2012 அக்டோபரில் சொல்லிவிட்டது. அந்த உரிமையின் எல்லை எது என்பதை ஒரு பெரிய வழக்கை முன்வைத்து வரையறுக்கும் வாய்ப்பு பொதுக் கணக்குக் குழுவுக்கு வந்தது, கைநழுவிப் போனது. அதனால்தான் தமிழ்நாட்டில் இன்றும் ஒரு மேடையில் ஒண்ணே முக்கால் லட்சம் கோடி என்கிறார்கள், அடுத்த மேடையில் எல்லாம் கற்பனை என்கிறார்கள். இரண்டு மேடைக்கும் கைதட்டல் கிடைக்கிறது.

காங்கிரஸ் ஆண்டபோது நேர்ந்த விபத்து என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆட்சி மாறியது, குழுவின் தலைமை காங்கிரசுக்கு வந்தது, காட்சிகள் திரும்பின. 2017 ஜனவரியில், பணமதிப்பு நீக்கம் பற்றி ரிசர்வ் வங்கி ஆளுநரை விசாரித்த குழுவின் தலைவர் கே.வி. தாமஸ், தேவைப்பட்டால் பிரதமரையும் அழைக்கலாம் என்று சொல்லப்போக, பாஜக உறுப்பினர்கள் சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார்கள். விதிப்படி அவர்கள் சொன்னதே சரி. ஆறு ஆண்டுக்கு முன் அதே பாஜக, பிரதமர் பெயர் உள்ள வரைவுக்காகக் குழுவின் உரிமை பேசியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 2018 டிசம்பரில், ரஃபேல் போர் விமான பேரம் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் வந்தது. விலை பற்றிய தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது என்றது அது. அப்படி ஓர் அறிக்கை குழுவுக்கு வரவே இல்லை என்றார் அன்றைய குழுத் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே. அரசு நீதிமன்றத்துக்குப் போய் அந்த வாக்கியத்தைத் திருத்தக் கேட்டது. தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்ததே 2019 பிப்ரவரியில்தான். 2020 ஜூலையில், கொரோனாவை அரசு கையாண்ட விதத்தை ஆய்வுக்கு எடுக்க அன்றைய குழுத் தலைவர் ஆதிர் ரஞ்சன் சவுத்ரி முயன்றார். பிஎம் கேர்ஸ் நிதி நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் அல்ல, எனவே இங்கு வராது என்று பாஜக உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். பேரிடர் நடுவே, ஊரடங்குக்குப் பிறகு கூடிய குழு அதை எடுக்க முடியாமலே கலைந்தது. 2024 அக்டோபரில் கே.சி. வேணுகோபால் தலைமையிலான குழு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் தலைவரை அழைத்த நாளில் அவர் வரவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தலைவர் தன்னிச்சையாக முடிவெடுக்கிறார் என்று ஆளும் கட்சி உறுப்பினர்கள் குறை சொன்னார்கள்.

மாநிலங்களில் நிலைமை இன்னும் மெலிந்திருக்கிறது. குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு என்பது எழுதாத மரபு என்பதால் அதை வளைப்பது எளிது. மேற்கு வங்கத்தில் 2021-ல் பாஜக சின்னத்தில் வென்று ஆளும் திரிணமூலுக்குத் திரும்பிய முகுல் ராயைக் குழுத் தலைவராக்கினார்கள், ஏட்டில் அவர் இன்னும் பாஜக உறுப்பினர் என்ற கணக்கில். தமிழ்நாட்டில் 2021-க்கு முன் எதிர்க்கட்சியாக இருந்த திமுகவின் துரைமுருகன் தலைமையில் குழு இருந்தது. 2021-ல் திமுக ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பதவி ஆளும் கூட்டணியில் இருந்த காங்கிரசின் செல்வப்பெருந்தகைக்குப் போனது. அவர் உழைப்பைப் பற்றி எனக்குக் குறையில்லை. கூட்டணிக் கட்சிக்காரர் கணக்குக் கேட்கும்போது, தன் தொகுதிப் பங்கீட்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய நெருக்கடி வருகிறது என்பதே என் கவலை.

எழுதி வைக்கும் உரிமை

குழுவில் கருத்து வேறுபாடே கூடாது என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. அரசு செலவைப் பற்றி 22 அரசியல்வாதிகள் ஒரே குரலில் பேசினால், கூர்மையான பகுதிகள் எல்லாம் முன்பே மழுங்கடிக்கப்பட்டிருக்கும். மாறுபடுங்கள், ஆனால் எழுதி மாறுபடுங்கள் என்பதே வேண்டியது.

எழுதி வைத்த எதிர்ப்பு என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று உண்டு. போஃபர்ஸ் பீரங்கி பேரத்தை விசாரித்த கூட்டுக் குழு, பி. சங்கரானந்த் தலைமையில் 1988 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. முக்கிய எதிர்க்கட்சிகள் அந்தக் குழுவையே புறக்கணித்திருந்தன. உள்ளே இருந்து மாறுபட்டவர் அதிமுக எம்.பி. ஆலடி அருணா. காங்கிரஸ் உறுப்பினர்கள் நிறைந்த குழுவில் தனியாளாக அமர்ந்து எதிர்ப்புக் குறிப்பு எழுதிச் சேர்த்தார். வாக்கெடுப்பில் அவரால் எதையும் மாற்ற முடியவில்லை. ஆனால் பின்னால் போஃபர்ஸ் பற்றி ஆராய்ந்தவர்கள் குழுவின் முடிவோடு அவருடைய குறிப்பையும் வைத்துப் படிக்க முடிந்தது. கூட்டுக் குழு என்பதால் விதி அதற்கு இடம் கொடுத்தது. அவர் பொதுக் கணக்குக் குழுவில் இருந்திருந்தால் அந்தக் குறிப்பு அச்சேறியிருக்காது.

பிரிட்டனின் பொதுக் கணக்குக் குழுவை 1861-ல் கிளாட்ஸ்டன் உருவாக்கினார். நம் குழுவுக்கு அதுவே முன்மாதிரி. அங்கும் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். ஆனால் அங்கே சாட்சி விசாரணை பொதுவில் நடக்கிறது, ஒளிபரப்பாகிறது. அந்த அவையின் தெரிவுக் குழுக்களில் எந்த உறுப்பினரும் தலைவரின் வரைவுக்குப் பதிலாக மாற்று வரைவு கொண்டுவரலாம். தோற்றாலும் அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிறது, யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதோடு. நம் குழுவில் 2011-ல் இப்படி ஒரு வழி இருந்திருந்தால் ஜோஷிக்கு வெளியேறத் தேவை வந்திருக்காது. பெரும்பான்மைக்கும் சோஸைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் வந்திருக்காது. பதினொரு பேர் தங்கள் அறிக்கையை எழுதியிருப்பார்கள், பத்துப் பேர் தங்களுடையதை. இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு யார் சொல்வது கணக்கோடு பொருந்துகிறது என்று வாக்காளர் முடிவு செய்திருப்பார். உறுப்பினர்களுக்கும் அது ஒரு கட்டுப்பாடு. கூச்சல் போட்டுக் கூட்டத்தைக் கலைப்பது எளிது. பின்தேதியிட்ட வெட்டு ஏன் சரி என்று தன் பெயர் போட்டு இரண்டு பக்கம் எழுதுவது கடினம்.

ராணுவ ரகசியம் தவிர மற்றவற்றில் செயலர்களின் சாட்சியத்தை மக்கள் பார்க்க வழிசெய்ய வேண்டும். கேள்வியின் தரமும் பதிலின் தரமும் அதனாலேயே உயரும். கசிய விடுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது. பதவிக்காலம் ஓராண்டு என்பதும் மாற வேண்டும். பெரிய விசாரணைகள் ஆண்டுக் கணக்கில் நடப்பவை. மே மாதத்தில் குழு அமைந்து, உறுப்பினர்கள் தணிக்கை மொழியைப் படித்துப் பழகுவதற்குள் பாதி ஆண்டு போய்விடுகிறது, கடைசி மாதத்தில் வரைவுகள் குவிகின்றன. ஏப்ரல் 28-ன் அவசரத்துக்கு அந்த நாட்காட்டியும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் அரசியல் சாசனத் திருத்தம் வேண்டியதில்லை. குழுக்கள் இயங்குவது அவை விதிகளின்படியும் சபாநாயகரின் நெறிமுறைகளின்படியும். 1993-ல் துறைசார் நிலைக்குழுக்கள் தொடங்கப்பட்டபோது அவற்றுக்கான விதிகளை அவையே சேர்த்துக்கொண்டது. எதிர்ப்புக் குறிப்பு எழுதும் உரிமை அந்தக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு உண்டு. பாதுகாப்பு, உள்துறை, நிதி என்று எல்லா அமைச்சகங்களையும் ஆராயும் குழுக்களில் ஒரு எம்.பி.க்கு இருக்கும் அந்த உரிமை, அரசின் மொத்தக் கணக்கையும் பார்க்கும் குழுவில் அமர்ந்தவுடன் அவருக்கு இல்லாமல் போகிறது. விதிகள் குழு பரிந்துரைத்து மக்களவை ஏற்றால், அடுத்த மே மாதம் அமையும் குழுவே அந்த உரிமையோடு தொடங்கலாம்.